கோல் பங்கு இலக்கணம்

ஓர் அணி ஒரு தொடரில் அடித்த கோல்களின் மொத்தத்தைக் கீழே எழுதி, அவற்றில் ஒரே ஆட்டக்காரர் அடித்ததை மேலே எழுதி வகுத்தால் கிடைப்பது கோல் பங்கு. ஹாக்கி பேசுகிறவர்கள் எண்ணிக்கையைச் சொல்வார்கள். பங்கைச் சொல்வது அரிது. எண்ணிக்கை அந்த ஆட்டக்காரரைப் பற்றி மட்டும் பேசும். பங்கோ அவரையும் அவரோடு மைதானத்தில் நின்ற மற்றப் பத்துப் பேரையும் சேர்த்துப் பேசும். அதனால் அதற்கு ஓர் இலக்கணம் தேவைப்படுகிறது. வரையறை, பொதுவிதி, புறனடை, தடை, விடை என்று நம் பழைய உரைகாரர்கள் போன முறையிலேயே போகலாம்.

இரண்டு எண்களிலிருந்து தொடங்குகிறேன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய அணி மூன்று ஆட்டங்களில் 13 கோல் அடித்தது. அதில் 9 பல்பீர் சிங்குடையது. பங்கு 69.2 விழுக்காடு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணி எட்டு ஆட்டங்களில் 15 கோல் அடித்தது. அதில் 10 ஹர்மன்பிரீத் சிங்குடையது. பங்கு 66.7. இடையில் 72 ஆண்டுகள். புல் போய் செயற்கைத் தரை வந்தது. ஆஃப்சைடு விதி எடுக்கப்பட்டது. ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றாயிற்று. இவ்வளவு மாறியும் இரண்டு பங்குகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன. முதலாமவர் சென்டர் ஃபார்வர்ட். எதிரணியின் கோல் கம்பத்துக்கு மிக அருகில் நிற்கும் இந்தியர். இரண்டாமவர் ஃபுல் பேக். நம் கோல் கம்பத்துக்கு அருகில் நின்று தடுப்பது அவர் வேலை. ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு ஆட்டங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் பணி.

முதலில் வகுக்கும் எண்ணைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 25 கோல் அடித்தது. பல்பீர் சிங் ஆட வாய்த்தவை இரண்டே ஆட்டங்கள். அர்ஜென்டினாவுக்கு எதிராக 9-1 என்று வென்றபோது அவர் 6. பிரிட்டனை இறுதியில் 4-0 என்று வென்றபோது 2. மொத்தம் 8. அணியின் 25ஆல் வகுத்தால் பங்கு 32 விழுக்காடு. அவர் ஆடிய இரண்டு ஆட்டங்களில் விழுந்த 13ஆல் வகுத்தால் 61.5. இரண்டில் எது சரி? அணியை மதிப்பிடும்போது முன்னதை எடுக்க வேண்டும். ஆளை மதிப்பிடும்போது பின்னதை. வெளியே உட்கார வைக்கப்பட்ட ஒருவரிடம், அவர் இல்லாமல் விழுந்த கோல்களில் பங்கு கேட்பது நியாயம் ஆகாது. 61.5 என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான்கு ஆண்டு கழித்து ஹெல்சிங்கியில் அவர் காட்டிய 69.2 திடீரென்று வந்ததல்ல என்பதற்கு அதுவே சான்று.

மேலே எழுதும் எண்ணும் எப்போதும் உறுதியாக இருப்பதில்லை. 1936 பெர்லின் இறுதியில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்றது. அந்த எட்டில் தியான் சந்த் அடித்தது மூன்று என்று ஒரு வகைப் பதிவும், ஆறு என்று இன்னொரு வகைப் பதிவும் இன்றுவரை நடமாடுகின்றன. மூன்று என்றால் 37.5, ஆறு என்றால் 75. உலகமே பார்த்த ஓர் இறுதி ஆட்டத்தில், அந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயருக்கு, கணக்கு இரண்டு மடங்கு வேறுபடுகிறது. அவருடைய தன்வரலாறான ‘கோல்’ 1952இல் சென்னையிலிருந்துதான் வெளிவந்தது. புத்தகம் போடும் அளவுக்கு அவரை நேசித்த நாடு, அவர் ஆட்டங்களின் குறிப்பேட்டை அதே நேசத்தோடு வைத்திருக்கவில்லை. இது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

இனிப் பொதுவிதி. அணி மெலிய மெலிய ஒருவர் பங்கு ஏறும். இதற்கு நல்ல சான்றுகள் கனடா, அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கியில் கிடைக்கின்றன. அவர்கள் 1917இலிருந்தே ஒவ்வொரு கோலையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1919-20 பருவத்தில் கியூபெக் புல்டாக்ஸ் என்ற அணி 24 ஆட்டங்களில் 91 கோல் அடித்தது. அதில் 39 ஜோ மலோன் என்ற ஒருவருடையது; பங்கு 42.9. அந்தப் பருவத்தின் ஒரு நாளில், 1920 ஜனவரி 31 அன்று, டொராண்டோ அணிக்கு எதிராக அவர் ஒரே ஆட்டத்தில் 7 கோல் போட்டார். அந்த ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். போட்டிகளில் ஒரே ஆட்டத்தில் அதற்கு மேல் இதுவரை யாரும் அடிக்கவில்லை. புல்டாக்ஸ் அணி அந்த 24 ஆட்டங்களில் வென்றது நான்கு, தோற்றது இருபது. 2000-01 பருவத்தில் புளோரிடா பாந்தர்ஸ் அணியின் 200 கோலில் 59 பாவெல் புரேயுடையது, பங்கு 29.5. அந்த அணி பிளேஆஃப் சுற்றுக்கே போகவில்லை. மறுபுறம் வேய்ன் கிரெட்ஸ்கி 1981-82இல் 92 கோல் அடித்து, ஒரு பருவத்தில் அதிக கோல் என்ற சாதனையைப் படைத்தார். எட்மன்டன் ஆயிலர்ஸ் அந்தப் பருவத்தில் 417 கோல் அடித்ததால் அவருடைய பங்கு 22 விழுக்காடுதான். மலோன், புரேயைவிடக் கிரெட்ஸ்கி குறைந்தவர் என்று இதற்குப் பொருள் இல்லை. அவருடைய அணியில் கோல் அடிக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள், அவ்வளவே.

இந்த விதி மட்டும் கையில் இருந்தால், பங்கு அதிகமுள்ள அணியைப் பார்த்தவுடன் அது வலுவற்றது என்று தீர்ப்பு எழுதிவிடலாம். அங்கே புறனடை குறுக்கே வருகிறது. 1928 ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. தியான் சந்த் 14, பங்கு 48.3. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் போட்டியிட்டவை மூன்றே நாடுகள். ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1 என்று வென்ற இந்தியாவின் 35 கோல்களில் ரூப் சிங் 13, அவருடைய அண்ணன் தியான் சந்த் 12. ஒரு வீட்டின் இரண்டு பிள்ளைகள் ஒரு நாட்டின் கோல்களில் 71.4 விழுக்காட்டைப் போட்டிருக்கிறார்கள். இவை மெலிந்த அணிகள் அல்ல. தம் காலத்தில் எதிர் நிற்க யாரும் இல்லாதவை.

ஏன் இப்படி என்றால், அந்தக் காலத்து அணிவகுப்பே அப்படி. முன்வரிசையில் ஐந்து பேர். விங்கில் இருப்பவர் ஓரமாகப் பந்தைக் கொண்டுபோய் உள்ளே அனுப்புவார். இன்சைடு ஃபார்வர்டுகள் எதிராளிகளைத் தம்மிடம் இழுத்துக்கொண்டு இடம் திறந்து கொடுப்பார்கள். திறந்த இடத்தில் சென்டர் ஃபார்வர்ட் நிற்பார். ஆறுகள் எல்லாம் ஒரே ஏரியில் விழும்படி வெட்டியிருந்தால் ஏரி நிறையத்தான் செய்யும். தியான் சந்தின் மட்டையில் இருந்த நுட்பத்தை இது சிறிதும் குறைக்காது. பந்து வந்து சேரும் இடத்தில் சரியான நேரத்தில் நிற்பதும், வந்ததை வீணாக்காமல் முடிப்பதும் பெரிய கலை. ஆனால் பந்து அங்கே வந்து சேர்ந்தது நான்கு பேரின் உழைப்பால். மலோனின் 42.9 வேறு ஆள் இல்லாததால் வந்தது. தியான் சந்தின் 48.3 வேறு ஆட்கள் இருந்ததால் வந்தது. எண்ணைப் பார்த்து இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது. கோல் பங்கைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முதன்மையான கருத்து இதுதான்.

எதிரணியின் தரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். எளிய ஆட்டத்தில் கோல் பலருக்குப் பகிர்ந்துபோகும். 1928இல் பெல்ஜியத்துக்கு எதிராக இந்தியா 9 கோல் அடித்தது. அந்தத் தொடரில் இந்தியாவின் மிகப் பெரிய வெற்றி அது. அதில் தியான் சந்துக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. 1956 மெல்போர்னில் இந்தியா 38 கோல் அடித்து ஒன்றும் வாங்காமல் தங்கம் வென்றது. உதம் சிங் 15 கோலோடு முதலிடத்தில் நின்றார், பங்கு 39.5. அந்த 38இல் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 14, அமெரிக்காவுக்கு எதிராக 16. மீதி மூன்று ஆட்டங்களுக்கும் சேர்த்து எட்டு. அரையிறுதியில் ஜெர்மனியை 1-0, இறுதியில் பாகிஸ்தானை 1-0. அரையிறுதியின் அந்த ஒரு கோல் உதம் சிங்குடையது. இறுதியின் அந்த ஒரு கோல் பெனால்டி கார்னரில் ரண்தீர் சிங் ஜென்டில் போட்டது. முப்பது கோலைவிட இந்த இரண்டும் கனமானவை என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது.

ஆகவே ஒரு சிறப்புவிதி: நாக்-அவுட் தொடராயின் அரையிறுதி, இறுதி இரண்டையும் தனியாக எடுத்துப் பங்கு காண்க. இப்படிக் கண்டால் ஹெல்சிங்கி இன்னும் வியப்பாகிறது. அரையிறுதியில் பிரிட்டனை 3-1 என்று வென்றபோது மூன்றும் பல்பீர் சிங். இறுதியில் நெதர்லாந்தை 6-1 என்று வென்றபோது ஐந்து பல்பீர் சிங், ஒன்று அணித்தலைவர் கே.டி. சிங் பாபு. ஒன்பதில் எட்டு, 88.9 விழுக்காடு. பெர்லினின் ஆறு என்ற பதிவை ஏற்காவிட்டால், ஒலிம்பிக் ஆண்கள் இறுதி ஆட்டத்தில் ஒருவர் அடித்த அதிக கோல் என்ற அந்த ஐந்து இன்னும் சாதனையாக நிற்கிறது. எதிரணி வலுக்க வலுக்க பங்கு ஏறியது என்றால், அணி முழுவதும் நெருக்கடியில் ஒருவரை நம்பியது என்றும், அவர் அந்த நம்பிக்கையைத் தாங்கினார் என்றும் கொள்ளலாம். உலக ஹாக்கியில் இதற்கு நிகரான ஒன்றை நான் காணவில்லை. தியான் சந்தின் பெயர் தெரிந்த அளவுக்கு நம் பிள்ளைகளுக்குப் பல்பீர் சிங்கின் பெயர் தெரியாதது பெரிய குறை.

மாஸ்கோவையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980இல் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றபோது அணி அடித்தது 43. அதில் சுரீந்தர் சிங் சோதி 15. தான்சானியா, கியூபா இரண்டுக்கும் எதிராக மட்டும் 31 என்பதால் அந்த 34.9 விழுக்காட்டை மேற்சொன்ன சிறப்புவிதிப்படி சுருக்கித்தான் படிக்க வேண்டும். இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றபோது சோதியின் பங்கு நான்கில் இரண்டு. ஸ்பெயினின் மூன்று கோலையும் ஹுவான் அமாத் ஒருவரே அடித்தார். நூறு விழுக்காடு அவருடையது, தங்கம் நம்முடையது.

இனி பாரிஸ். பெனால்டி கார்னர் இல்லாமல் இந்தக் காலத்துப் பங்கைப் புரிந்துகொள்ள முடியாது. டி எனப்படும் அரைவட்டம் கோல் கோட்டிலிருந்து 14.63 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்குள் தடுப்பவர் தவறு செய்தால் கார்னர். கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் நின்று ஒருவர் பந்தைத் தள்ளுவார். டிக்கு வெளியே ஒருவர் மண்டியிட்டதுபோல் குனிந்து, மட்டையைத் தாழ்த்தி அதை நிறுத்துவார். மூன்றாமவர் அதை டிக்குள் எடுத்து அடிப்பார். தடுக்க கோல்கீப்பர் உட்பட ஐந்து பேர்தான். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். முதல் அடி ஓங்கி அடிக்கும் ஹிட்டாக இருந்தால், கோலுக்குள் இருக்கும் 46 சென்டிமீட்டர் பலகையைவிட உயரமாக நுழையக் கூடாது. மட்டையில் ஒட்டி இழுத்து வீசினால் அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. டிராக் ஃப்ளிக் என்ற கலை வளர்ந்தது இந்த விதியின் இடுக்கில்தான். அதைச் சிறப்பாகச் செய்யத் தெரிந்தவர் ஓர் அணியில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அணிக்குக் கிடைக்கும் கார்னர்கள் எல்லாம் அவர்கள் மட்டைக்கே போகும். பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் 348 சர்வதேச கோல் அடித்தது இந்த வழியில். அவரும் ஃபுல் பேக்தான்.

ஹர்மன்பிரீத்தின் பத்தைப் பிரித்தால் ஏழு பெனால்டி கார்னர், மூன்று பெனால்டி ஸ்ட்ரோக். ஓடும் ஆட்டத்தில் அடித்த கோல் ஒன்றும் இல்லை. மீதி ஐந்து: அபிஷேக் 2, மன்தீப் சிங், விவேக் சாகர் பிரசாத், சுக்ஜீத் சிங் ஆளுக்கு ஒன்று. ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் பெற்ற ஆட்டத்தில் இரண்டும் ஹர்மன்பிரீத்தின் கார்னர் கோல்கள். காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேராக நாற்பது நிமிடத்துக்கு மேல் பிரிட்டனைத் தாங்கிய ஆட்டத்திலும் இந்தியாவின் ஒரே கோல் அவருடைய கார்னர்தான்.

இங்கே ஒரு தடை எழும். நின்ற பந்தை அடித்தது ஓடி அடித்ததற்குச் சமமா? ஹாக்கி இந்தியா லீக் 2016இல் இதே கேள்விக்கு ஒரு விடை சொல்லிப் பார்த்தது: ஓடும் ஆட்டத்தில் விழும் ஃபீல்ட் கோல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோல் கணக்கு. என் விடை வேறு. கார்னர் கோலைக் குறைத்து எண்ணினால் டிராக் ஃப்ளிக் போடுபவருக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்கிறோம். உண்மையில் நஷ்டம் அந்தக் கார்னரைச் சம்பாதித்தவருக்கு. டிக்குள் பந்தோடு நுழைந்து, இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே திரும்பி, ஒருவர் காலில் பந்தைப் படவைத்து கார்னர் வாங்குவது ஃபார்வர்டின் வேலை. அதில் அவருக்கு அடி விழும், கீழே விழுவார். கோல் பட்டியலில் அவர் பெயர் வராது. பந்தைத் தள்ளியவர் பெயர் வராது. நிறுத்தியவர் பெயர் வராது; அவர் நிறுத்தத் தவறினால் உலகின் மிகச் சிறந்த டிராக் ஃப்ளிக்கும் தொடங்கக்கூட முடியாது. ஹர்மன்பிரீத்தின் 66.7 அவருக்கு முழுக்கத் தகும். நெருக்கடி நிமிடங்களில் அந்த வீச்சை அவ்வளவு சரியாக வைப்பதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். ஆனால் அந்த எண்ணுக்குள் குறைந்தது மூன்று பேர் பெயரில்லாமல் இருக்கிறார்கள்.

ஐஸ் ஹாக்கிக்காரர்கள் இதைத் தீர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு கோலுக்கும் அடித்தவர் பெயரோடு, அதற்கு முன் பந்தை, அங்கே அதைப் பக் என்பார்கள், கொடுத்த இருவர் வரை அசிஸ்ட் என்று எழுதுகிறார்கள். கிரெட்ஸ்கியின் 894 கோலைவிட அவருடைய 1,963 அசிஸ்டுகள்தான் அவர் யார் என்று சொல்கின்றன. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணியின் மாரியோ லெமியூ 1988-89இல் 85 கோல் அடித்தார். அணி அடித்தது 347. பங்கு 24.5. அசிஸ்டையும் சேர்த்தால் 199 கோல்களில் அவர் கை இருந்தது, 57.3 விழுக்காடு. முதல் எண்ணை மட்டும் வைத்திருந்தால் அந்தப் பருவத்தின் பாதி ஆட்டத்தை நாம் இழந்திருப்போம்.

நம் ஹாக்கியின் ஸ்கோர் ஷீட் கோலுக்கு எழுதுவது அடித்தவர், நிமிடம், வகை: ஃபீல்ட் கோலா, கார்னரா, ஸ்ட்ரோக்கா. அதோடு நிற்கிறது. ஹெல்சிங்கி இறுதியில் பல்பீர் சிங்கின் ஐந்தும் நமக்குத் தெரியும். அந்த ஐந்துக்கும் பந்தை யார் யார் கொடுத்தார்கள் என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. பாபு பந்தைக் கொண்டுபோவதிலும் கொடுப்பதிலும் தன் காலத்தின் முதல்வர் என்று அவரோடு ஆடியவர்கள் போற்றினார்கள். அதை எண்ணாகக் காட்ட வழி இல்லாமல் போய்விட்டது.

எனவே கேட்பது சிறியது. ஃபீல்ட் கோலாக இருந்தால் கடைசி பாஸ் கொடுத்தவர் பெயர். கார்னர் கோலாக இருந்தால் கார்னரைச் சம்பாதித்தவர், தள்ளியவர், நிறுத்தியவர் ஆகிய மூவர் பெயர். ஸ்ட்ரோக்காக இருந்தால் அதைச் சம்பாதித்தவர் பெயர். ஸ்கோர் மேஜையில் உட்காரும் ஒருவர் பென்சிலால் எழுதக்கூடியதுதான். உலகக் கூட்டமைப்பு விதி போடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடக்கும் முருகப்பா தங்கக் கோப்பையிலும், கோவில்பட்டியின் அகில இந்தியப் போட்டியிலும் இதைத் தொடங்கலாம். பள்ளி ஆட்டங்களில் இன்னும் எளிது. கோவில்பட்டியில் கரிசல் மண்ணில் ஓடிப் பழகிய ஒரு பையன் ஒரு பருவத்தில் ஒரு கோலும் அடிக்காமல் இருபது கார்னர் வாங்கிக் கொடுத்திருக்கலாம். தேர்வாளர் பார்க்கும் தாளில் அது இருக்க வேண்டும்.

பழைய ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் வழி இல்லை. பாரிஸுக்கு இருக்கிறது, எட்டு ஆட்டங்களும் வீடியோவில் உள்ளன. ஹர்மன்பிரீத்தின் ஏழு கார்னர்களுக்கு, ஒன்றுக்கு மூன்றாக இருபத்தொரு இடம், மூன்று ஸ்ட்ரோக்குகளுக்கு மூன்று இடம். அந்த இருபத்துநான்கையும் முதலில் நிரப்பலாம்.